கதவைத் திறக்காதே

நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடம்.
வுல்ஃப் பாயிண்ட் விடுதி, அறை எண் ஆறு.
ஹீட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
பூட்ஸ் இரண்டையும் அதன் சூடு எட்டாத மூலையில்
வாய் நிறையச் செய்தித்தாள் திணித்து வைத்திருக்கிறேன்.
அவசரமாகக் காய்ந்த தோல் வெடிக்கும்.

போன் அடிக்கிறது. லைல்.
நான்கு மாதத்தில் முதல் தடவை.
"வாணலி துருப்பிடிச்சிடுச்சு, ரோ."

எப்படி இருக்கிறாய் என்றில்லை.
அங்கே பனி எவ்வளவு என்றில்லை.

சினூக் பக்கம் ஒரு பண்ணை ஏலத்தில்
எட்டு டாலருக்கு நான் பொறுக்கியது அது.
துருவும் எலிப்புழுக்கையுமாக ஐந்து கிடந்தன ஒரே பெட்டியில்.
ஒவ்வொன்றையும் பிக்கப்பின் பின்தட்டில் வைத்து
விளிம்பை அழுத்தினேன். ஆடியவை இரண்டு கழிந்தன.
மற்றதை விரல் முட்டியால் தட்டினேன்:
மணிபோல் ஒலித்தால் முழுசு,
தொண்டை கட்டிய குரல் வந்தால் எங்கோ விரிசல்.
லைல் வண்டிக்குள்ளிருந்து சிரித்தான்:
"கல்யாணத்துக்கு முன்னாடி என்னை இப்படித் தட்டிப் பார்த்தியா?"
இல்லை. பார்க்கவில்லை.

"சிங்க்கில் ஊறப் போட்டாயா?"
"ஒரு ராத்திரிதான்."
"எத்தனை ராத்திரி, லைல்?"
"ஒரு வாரம்."

சரி. உப்பு எடு.
வாசற்படிப் பனிக்குத் தூவுவோமே, அது இல்லை. சமையல் உப்பு.
உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி
வெட்டுமுகத்தால் அழுத்தித் தேய்.
கறுப்புத் தண்ணீர் வரும், பயப்படாதே.
சோப்பு போடலாம். உன் அம்மா சொன்னது பொய்.
கழுவு, துடை, அடுப்பில் ஏற்றி ஈரத்தை விரட்டு.
ஒரு ஸ்பூன் எண்ணெய் எடுத்து எங்கும் தடவு.
இப்போது அத்தனையையும் துடைத்தெடு,
தடவியதே தப்பு என்பதுபோல.

தேய்க்கும் சத்தம். அவன் மூச்சு.
போனைத் தலையணையில் வைத்துவிட்டு
பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வருடத்தில் மூன்று ஜோடி, அறுபது டாலர் வீதம்;
பசையால் ஒட்டிய அடி ஒவ்வொன்றும்
மார்ச் மாதச் சேற்றில் வாயைப் பிளந்தது.
நான்காவது முந்நூற்று நாற்பது.
தைத்த அடி. பிரித்து மறுபடி தைக்கலாம்;
கிரேட் ஃபால்ஸில் எஸ்டெபான் இருமுறை தைத்துவிட்டார்.
தண்டவாளம் பழுதுபார்க்கிற வேலை, நாளுக்கு ஒன்பது மைல் நடை.
ஆறு வாரம் கடித்தது. ரத்தம் வரக் கடித்தது.
ஏழாம் வாரம் ஒரு காலை
கடிக்க மறந்துவிட்டது.
என் இடது சுண்டுவிரலின் கோணல்கூட
இப்போது அதற்கு மனப்பாடம்.
மாதம் ஒருமுறை எண்ணெய், அதற்கு மேல் கூடாது:
அதிகம் ஊட்டிய தோல் ஊறிய ரொட்டி,
கணுக்காலை நிமிர்த்திப் பிடிக்காது.
இது எனக்குத் தெரிந்திருந்தது.
தோல் விஷயத்தில்.

"ஆச்சு, ரோ. மங்கலா இருக்கு."
"ஓவனில் கவிழ்த்து வை. நானூற்றைம்பது. ஒரு மணி நேரம்.
புகையும், ஜன்னலைத் திற."
"வெளியே மைனஸ் இருபது."
"திற."

காத்திருக்கிறோம்.
போனை ஏன் வைக்கவில்லை என்று இருவரும் கேட்கவில்லை.
அவன் பக்கம் ஒரு நாற்காலி நகர்கிறது.
என் பக்கம் ஒரு சரக்கு ரயில்,
குளிரில் பிளந்து நேற்று நான் மாற்றிய துண்டின்மேல்
நூற்றுப்பதினான்கு வண்டி. எண்ணினேன்.
பழகப் பழகப் பால் புளிக்கலாம்;
இரும்பு வேறு ஜாதி.

"மணி அடிச்சிடுச்சு. எடுக்கவா?"
"வேண்டாம். அணைத்துவிட்டு அப்படியே விடு, விடியும்வரை.
கதவைத் திறக்காதே."
"அப்புறம்?"
"மறுபடி முதலிலிருந்து. இரண்டு தடவை.
ஒரே ராத்திரியில் பழகாது."

செய்தித்தாளை உருவினேன். நனைந்திருந்தது.
புதிய தாளைக் கசக்கித் திணித்தேன்.
ஐந்தரைக்கு வேண்டும் எனக்கு.

"முட்டை ஒட்டாம எப்ப வரும், ரோ?"
"தெரியாது.
முதல் முட்டை ஒட்டும்.
சுரண்டித் தின்."